மூணு ஈ, அஞ்சு

"மூணு ஈ, அஞ்சு. பூஜ்யம் ஆறு, மூணு. எண்பது. முப்பத்திரெண்டு..." குழித்துறையிலிருந்து வரும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். 1993, ஒரு லேப் நாள். பக்கத்தில் மீன்கூடையை இறக்கி வைத்திருந்த அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "என்ன மக்களே, ஜெபம் சொல்லுதியா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். மைக்ரோப்ராசசர் லேப் என்று சொல்லி விளங்க வைப்பதற்குள் தக்கலை வந்துவிடும்.

நம் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு அந்த ஜெபம் தெரியும். சிவில், மெக்கானிக்கல் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். லேப் கிட்டில் இருந்த 8085 என்ற மைக்ரோப்ராசசர் சிப்புக்கு நாங்கள் தட்டிய கட்டளை எண்கள் அவை. அதில் ஏ முதல் எஃப் வரையும் இலக்கங்கள்தான். 3ஈ என்றால் அடுத்து வரும் எண்ணை ஏ ரெஜிஸ்டரில், அதாவது சிப்புக்குள் எண் வைக்கும் ஓர் அறையில், போடு. 06 என்றால் பி ரெஜிஸ்டரில் போடு. 80 என்றால் இரண்டையும் கூட்டு. 32 என்றால் விடையை இன்ன முகவரியில் வை. கடைசியில் 76, நிறுத்து. ஐந்தையும் மூன்றையும் கூட்ட மொத்தம் ஒன்பது பைட். விரல் விட்டு எண்ணினால் அரை நொடியில் முடியும் கணக்குக்கு நாங்கள் ஒரு மணி நேரம் எடுத்தோம். ரீசெட் அழுத்தி 4500-ல் போய்ப் பார்த்தபோது 08 என்று சிவப்பாக எரிந்தது. பெஞ்சில் இருந்த நாலு பேரும் சத்தம் போட்டதில் பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்தார்.

அந்த முகவரி எழுதுவதில்தான் முதல் குழப்பம். 4500 என்பதை 00 45 என்று திருப்பிப் போட வேண்டும். "ஏன் சார் தலைகீழா?" என்று கேட்டதற்கு எங்கள் சார், "லெட்டர் போடும்போது கதவு நம்பரை முதல்ல எழுதி ஊரைக் கடைசியிலதானே டே எழுதுக? அதுமாதிரிதான்" என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் அதில் தப்பு விடவில்லை.

8085 அப்போதே பழைய சிப். இன்டெல் அதை வெளியிட்டது 1976-ல். அதற்கு முந்திய 8080-க்கு மூன்று வகை வோல்டேஜ் கொடுக்க வேண்டும். இதற்கு 5 வோல்ட் ஒன்றே போதும், பெயரின் கடைசியில் இருக்கும் 5 அதற்காகத்தான். நாங்கள் அதைத் தட்டிக்கொண்டிருந்த அதே 1993-ல் பென்டியம் வந்துவிட்டது. அந்த வயதில் எனக்கு அது பெரிய குறை. பழைய சாமானைக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தேன்.

கிட்டில் திரை கிடையாது. ஆறு எழுத்து எரியும் டிஸ்ப்ளே. நாலு முகவரிக்கு, இரண்டு டேட்டாவுக்கு. 6-க்கும் பி-க்கும் ஒரே முகம். 6-க்குத் தலையில் ஒரு கோடு உண்டு, பி மொட்டை. இதில் ஏமாறாதவர் எங்கள் செட்டில் கிடையாது. இதைவிடப் பெரிய தொல்லை கரண்டு. வேளிமலைப் பக்கம் கறுத்தாலே லேப் அண்ணாச்சி, "பிள்ளைகளே, நோட்டுல எழுதிட்டியளா?" என்பார். கரண்டு போனால் ராமில் இருந்ததெல்லாம் போச்சு. மறுபடி முதல் முகவரியான 4100-லிருந்து.

என் கதை, அடி அடியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டாரில் இருக்கிறது. ஒரு கட்டளைக்கு 1.8 டிகிரி திரும்பும். 200 அடி வைத்தால் ஒரு சுற்று. ஒவ்வொரு அடிக்கும் நடுவே கொஞ்சம் தாமதம் வேண்டும். டி, ஈ ரெஜிஸ்டர்களைச் சேர்த்து எஃப்எஃப்எஃப்எஃப் (65,535) என்று நிரப்பி, டிசிஎக்ஸ் என்ற கட்டளை கொண்டு ஒன்றொன்றாகக் குறைத்து, பூஜ்யம் ஆகும்வரை ஜேஎன்ஸெட் (பூஜ்யம் இல்லையென்றால் திரும்பிப் போ) போட்டுச் சுற்ற விட்டேன். மோட்டார் ஒரே ஒரு அடி வைத்தது. அப்புறம் அசையவில்லை. தொட்டால் சூடு மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

வயரை மாற்றினோம். கிட்டை மாற்றினோம். என் ஜோடி, குளச்சல்காரன், மோட்டார் செத்துப்போச்சு என்று தீர்ப்பே சொல்லிவிட்டான். சார் வந்தார், நோட்டைப் பார்த்தார், எதையும் தொடவில்லை. "கணக்கு சரிதான் மக்கா. கொடிய யாரு மாத்துனா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

சாப்பாட்டு மணி அடித்தும் நான் எழும்பவில்லை. கட்டளை எண்கள் அச்சடித்த ஆப்கோட் அட்டையை விரல் வைத்து வாசித்துக்கொண்டே வந்தேன். சார் சொன்ன கொடி, கணக்கின் விடை எப்படி வந்தது என்று சிப் குறித்துக்கொள்ளும் அடையாளம்; விடை பூஜ்யமா என்று காட்டுவது ஜீரோ கொடி. ஒற்றை ரெஜிஸ்டரில் ஒன்று குறைக்கும் டிசிஆர் வரியில் ஜீரோ கொடிக்கு நேரே குறி இருந்தது. டிசிஎக்ஸ் வரியில் வெற்றிடம். அதாவது, ஜோடி ரெஜிஸ்டர் பூஜ்யமே ஆனாலும் ஜீரோ கொடி அசையாது. ஜேஎன்ஸெட் பார்ப்பதோ அந்தக் கொடியை மட்டும். முன்னால் எப்போதோ இருந்த நிலையையே திரும்பத் திரும்பப் பார்த்து அது சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. கொடிகளை மாற்றுகிறது 8 பிட் கணக்குப் பார்க்கும் ஏஎல்யூ. 16 பிட் ஜோடியை ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைக்கிற வேலை வேறு சர்க்யூட்டில் நடக்கிறது என்று சார் பிறகு படம் போட்டுக் காட்டினார்.

தீர்வு இரண்டே பைட்: 7ஏ, பி3. டி-யை ஏ-க்கு எடுத்து ஈ-யோடு 'ஆர்' (OR) செய்தால் இரண்டும் பூஜ்யமா என்று கொடி சொல்லிவிடும். ஆனால் நடுவில் இரண்டு பைட் நுழைக்க, பின்னால் இருப்பதையெல்லாம் இரண்டு இடம் தள்ளி மறுபடி அடிக்க வேண்டும். அண்ணாச்சி அன்றைக்குத்தான் அந்த வித்தையைச் சொல்லித் தந்தார்: அங்கங்கே நாலைந்து 00 விட்டு வை, அதற்கு ஒன்றும் செய்யாதே என்று அர்த்தம், பந்தியில் பிந்தி வருகிறவனுக்கு இலை போட்டு வைப்பது மாதிரி. மோட்டார் அரை வினாடிக்கு ஓர் அடியாக நடந்தது. தாமதச் சுற்று ஒன்றுக்கு 24 கிளாக் துடிப்பு, அப்படி 65,535 சுற்று, சிப்பின் வேகம் 3.072 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி வகுத்துப் பார்த்தால் 0.51 வினாடி. குளச்சல்காரன் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒப்பிட்டான்.

வளைகுடாவுக்கு வந்த புதிதில், 1997 ஜூலையில், செவ்வாயில் ஒரு குட்டி வண்டி இறங்கியது: சோஜர்னர். அதன் மூளை 80சி85, 2 மெகாஹெர்ட்ஸ். எங்கள் கிட்டைவிட மெதுவானது! கேம்பில் கூட இருந்தவர்களிடம் "இது நான் படிச்ச சிப்பு" என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. பழைய சாமான் என்று சலித்துக்கொண்டதற்கு மனதுக்குள் சாரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இன்று லிஃப்ட் பேனல்களோடு மல்லுக்கட்டுகிறேன். லிஃப்ட்டை ஓட்டும் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் பையன்கள் கதவு மூடவில்லை என்று வயரைக் கழற்றப் போகும்போது, என் வாயில் தானாக வருவது சாருடைய கேள்விதான். மலையாளத்திலும் இந்தியிலும் அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நம்மூர்ப் பேச்சில் இருக்கிற குத்து வராது.

குளச்சல்காரா, நம் பாலிடெக்னிக்கின் இந்த மலர் உன் கைக்கு வந்தால் ஒன்று செய். கடைசிப் பரீட்சைக்கு நீ வாங்கிப்போன என் ஆப்கோட் அட்டையில் டிசிஎக்ஸ் வரியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருப்பேன். அதை ஒரு படம் எடுத்து அனுப்பு மக்கா. அட்டையை நீயே வச்சுக்கோ.