பயன்பாட்டுச் சான்றிதழும் ஓர் ஓடையும்

உதகமண்டலத்தில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் திட்டப் பிரிவில் பதினொரு ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். நான் விஞ்ஞானி அல்லன். விஞ்ஞானிகளுக்கு வரும் மானியத்தின் கணக்கை எழுதியவன். பிப்ரவரி பிறந்ததும் என் மேசையில் பயன்பாட்டுச் சான்றிதழ்கள் சேரத் தொடங்கும். அனுமதிக்கப்பட்ட நோக்கத்துக்கே பணம் செலவானது என்று உறுதி கூறும் அந்தத் தாள், 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 12-ஏ என்ற எண்ணுடைய படிவம். அது போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த தவணை வரும். ஆராய்ச்சியின் விளைவுகளைச் சொல்லவும் அதில் ஓர் இணைப்புப் பக்கத்துக்கு இடம் உண்டு. வங்கி வட்டியில் நான்கு ரூபாய் வித்தியாசம் வந்ததற்கு மூன்று கடிதங்கள் பெற்ற நான், அந்த இணைப்பில் எழுதிய ஒரு வரியைப் பற்றிக்கூட ஒருமுறையும் விளக்கம் கேட்கப்பட்டதில்லை. ‘பயன்பாடு’ என்ற சொல்லில் பயனை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் எங்களுக்குப் பங்கிட்டார்கள் என்று எங்கள் பழைய கண்காணிப்பாளர் சொல்லிச் சிரிப்பார்.

குந்தா பக்கத்து ஓடை ஒன்றின் நீர்வரத்தை அளக்கும் மூன்றாண்டுத் திட்டம் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. அனுமதிக் கடிதம் மார்ச்சில் வந்தது. பணம் செப்டம்பரில் வந்தது. அந்தப் பக்கத்துக்கு மழை தருவது தென்மேற்குப் பருவம் என்பதால், ஜூனில் தொடங்கிய மழை ஓய்ந்து மலை காயத் தொடங்கிய பிறகுதான் கருவிக்கான கொள்முதல் கோப்பை என்னால் திறக்க முடிந்தது. அரசின் இணையச் சந்தையில் குறைந்த விலை கூறியவர் சமவெளிக்காரர். மலையேறி வந்து கருவியைப் பொருத்துவது தன் விலையில் அடங்காது என்று அவர் வாதிட்டதில் மேலும் இரண்டு மாதங்கள் கழிந்தன. இதற்கிடையில் வேலைக்குச் சேர்ந்திருந்த இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்று விதி சொன்னது, ஆனால் அவருடைய கணக்கில் நான்கு மாதங்கள் ஒன்றும் வரவில்லை. “அண்ணே, வீட்டுக்காரம்மாகிட்ட இந்த மாசமும் என்ன சொல்றது?” என்று அவர் கேட்ட நாளில், தவணை வரும் தேதியை நான் ஒரு பொய்யாகத்தான் சொன்னேன். மூன்றாம் ஆண்டின் பாதி அறிக்கை எழுதுவதில் போயிற்று. மூன்றாண்டுத் திட்டத்தில் ஓடை முழுமையாக அளக்கப்பட்டது ஒரே ஒரு பருவமழையில்.

மதிப்பீட்டுக் குழுவின் முன் எங்கள் திட்டத்துக்குப் பதினைந்து நிமிடங்கள் கிடைத்தன. எத்தனை கட்டுரைகள், எந்த இதழில், அதன் தாக்கக் காரணி என்ன என்ற வரிசையில் கேள்விகள் வந்தன. தாக்கக் காரணி என்பது ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்ற எண். நூலகங்கள் இதழ்களைத் தேர்ந்தெடுக்க உதவிய அதைத் தனி ஆய்வாளரை எடைபோடப் பயன்படுத்தக் கூடாது என்று 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம் கூறியது. எங்கள் விஞ்ஞானி ஒரு கட்டுரை என்றார். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்று மாலை அலுவலக அலமாரியில் நீலகிரியின் கிளென்மார்கன் பற்றிய பழைய அறிக்கைகளை எடுத்துப் படித்தேன். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டால் ஓடை நீர் குறைகிறதா என்பது நீலகிரியின் நெடுநாள் கேள்வி. அதற்கு விடை காண, ஒன்றை ஒன்று ஒத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை உதகமண்டலத்து மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் அங்கே தேர்ந்தெடுத்தது. 1968 முதல் இரண்டையும் இயல்பான புல்வெளி நிலையில் அளந்து, அவற்றுக்கிடையே உள்ள உறவை உறுதிசெய்த பிறகே 1972இல் ஒன்றில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடியிலிருந்து மரம் மீண்டும் தழைத்த இரண்டாம் சுழற்சியில் சுமார் 25 சதவீதம் குறைந்தது. முதல் கன்று மண்ணில் இறங்கும் முன்பே, என் கணக்குப் புத்தகத்தின் அளவுப்படி, ஒரு முழுத் திட்டம் முடிந்து, சான்றிதழ் அனுப்பப்பட்டு, மிச்சப் பணம் திருப்பிச் செலுத்தப்பட்டிருக்கும். இரண்டாம் சுழற்சியின் எண் முதலாவதைவிடப் பெரிது என்பதை யாரும் முன்மொழிவில் எழுதியிருக்கவே முடியாது. நீடித்து அளந்ததால் மட்டும் தெரிந்தது அது. அந்தச் செலவு தொடர்ந்து கிடைத்ததற்குக் காரணம், அது மூன்றாண்டுத் திட்டமாக அல்லாமல் நிறுவனத்தின் வழக்கமான வேலையாக இருந்ததுதான் என்று நினைக்கிறேன். ஊதியத்தையும் அளவுகோலையும் ஆண்டுதோறும் புதிதாக யாசிக்க வேண்டியிருக்கவில்லை.

2024இல் மானியம் வழங்கும் பழைய வாரியம் புதிய தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் சேர்ந்தது. கடிதத்தாளின் தலைப்பு மாறியது; என் வேலையில் வேறு மாற்றத்தை நான் காணவில்லை.

திட்டம் முடிந்து கருவியைக் கழற்றப் போனபோது, ஓடைக்குக் கீழே ஹட்டியில் (படகர் ஊரில்) கேரட் போடும் பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். “சார், மழையை அளந்தீங்க, சரி. மார்ச்சுல இந்தத் தண்ணி என் தோட்டத்துக்கு வருமா வராதான்னு அது சொல்லுமா?” என்றார். மூன்று ஆண்டுகளில் எங்களிடம் கேட்கப்பட்ட எல்லாக் கேள்விகளிலும் அந்த ஓடைக்காகக் கேட்கப்பட்டது அது ஒன்றுதான். விஞ்ஞானி, ஒரு பருவத்துக் கணக்கை வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்றார். பெரியவர் கோபப்படவில்லை. அப்படியானால் அந்தக் கோலையாவது விட்டுவிட்டுப் போகும்படி சொன்னார்.

மின்னணுக் கருவி சொத்துப் பதிவேட்டில் இருந்ததால் அதைக் கொண்டுவந்தோம். சுவரில் பதித்த இரும்பு அளவுகோல் நுகர்பொருள் தலைப்பில் வாங்கப்பட்டது. அதை விட்டுவிட எனக்கு அதிகாரம் இருந்தது. பெரியவரின் பேத்தி தினமும் காலை பள்ளிக்குப் போகும் வழியில் அதைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுகிறாள். மாதத்துக்கு ஒருமுறை அவள் அனுப்பும் பக்கங்களின் படத்தை நான் ஒரு விரிதாளில் ஏற்றிவைக்கிறேன். இந்தக் கோடையோடு இரண்டாவது ஆண்டு முடிகிறது.