பூவரசின் குளோரோபிளாஸ்ட் ஜீனோம்: இலையிலிருந்து கோப்பு வரை

பூவரசின் குளோரோபிளாஸ்ட் ஜீனோமை, அதாவது இலையின் பச்சையத் துகள்களுக்குள் இருக்கும் தனி டிஎன்ஏ முழுவதையும், படிக்க நினைப்பவர்கள் கம்ப்யூட்டர் வேலைக்குப் பயப்பட வேண்டாம். கஷ்டமெல்லாம் இலையை அரைத்த பிறகுதான்.

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, ஒரு வீட்டு வேலியோரத்து மரத்தைத் தேர்ந்தெடுத்தேன். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவில் சேர்ந்தவை. அங்கே இலை பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும். இங்கே வீட்டுக்காரப் பாட்டியைக் கேட்டால் போதும். "கொழுக்கட்டைக்காம்மா? பெரிய இலையாப் பறிச்சுக்க" என்றார். எனக்கு வேண்டியது கொழுந்து. அதையும் விடிகாலையில் பறிக்க வேண்டும். வெயில் ஏற ஏற இலையில் மாவுச்சத்து சேர்ந்துவிடும். கடல்காற்றில் படிந்த உப்பைத் துடைத்து, சிலிக்கா ஜெல்லில் உலர்த்தினேன்.

பருத்தி, வெண்டை, பூவரசு மூன்றும் ஒரே குடும்பம். வெண்டையில் பார்க்கும் அந்தக் கொழகொழப்பு இதிலும் உண்டு; அதுதான் எதிரி. இலைத்தூளை நேரே சிடேப் (CTAB, செல்லை உடைத்து டிஎன்ஏவை வெளியே எடுக்கும் சோப்பு போன்ற பொருள்) கரைசலில் போட்டால் டிஎன்ஏவோடு ஒரு பசையும் திரண்டு வரும்; பிபெட்டில் ஏறவே ஏறாது. முதலில் தூளைச் சார்பிட்டால் (ஒரு சர்க்கரை ஆல்கஹால்) கரைசலில் கலக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் மேல்நீரைக் கொட்டுங்கள். மேல்நீர் நூல் இழுக்காமல் தண்ணீராக ஓடும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். அப்புறம்தான், இலையின் பழுப்பேறும் பொருள்கள் டிஎன்ஏவைக் கெடுக்காமல் தடுக்கும் பிவிபியும் மெர்காப்டோஎத்தனாலும் சேர்த்த சிடேப். கடைசியில் டிஎன்ஏ கரைசல் ஒளியை உறிஞ்சுவதை வைத்துத் தூய்மையைப் பார்க்கும்போது, புரத அழுக்கைக் காட்டும் 260/280 அளவு 1.8 வந்ததுமே நிம்மதி அடைய வேண்டாம். பசை மிச்சமிருப்பதை 260/230 அளவுதான் காட்டிக்கொடுக்கும்; அது 2-ஐ நெருங்கிய பிறகே சீக்குவென்சிங்குக்கு (டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்க) அனுப்பினேன்.

குளோரோபிளாஸ்டைத் தனியே பிரிக்கத் தேவையில்லை. இலைச் செல்லில் அதன் ஜீனோம் ஏகப்பட்ட பிரதிகளாக இருப்பதால், மொத்த டிஎன்ஏவைக் குறைந்த அளவில் படித்தாலே கிடைத்துவிடும். துண்டு துண்டாகப் படித்த டிஎன்ஏவைக் கோக்கும் கெட்ஆர்கனெல் மென்பொருள் ஜீனோம் வளையத்தை மூடி, இரண்டு விடைகளைத் தந்தது. அது பிழை இல்லை. தலைகீழாகத் திரும்ப வரும் இரண்டு பகுதிகளுக்கு நடுவே உள்ள சிறிய துண்டு இரு திசையிலும் இருக்கும். இலையிலும் இரண்டு வடிவமும் உண்டு. பருத்தியின் 1,60,301 எழுத்து குளோரோபிளாஸ்ட் வரிசையோடு திசை ஒத்துப்போனதை எடுத்துக்கொண்டேன். எந்த ஜீன் எங்கே என்று குறிக்க ஜீசெக் (GeSeq) மென்பொருள் போதும். ஆனால் ஆர்பிஎஸ்12 என்ற ஜீன் துண்டு துண்டாகக் கிடக்கும். அதைக் கையால் சரிபாருங்கள்.

எந்த மரம் என்று பின்னால் சரிபார்க்க, பூவும் காயுமாக ஒரு கிளையை உலர்த்தி ஹெர்பேரியம் (செடி மாதிரி) தாளில் ஒட்டி வையுங்கள். பூவரசின் சாயலிலேயே தெஸ்பீசியா பாப்புல்னியாய்டிஸ் என்று இன்னொரு இனம் உண்டு. அதில் காம்பு நீண்டு பூ தொங்கும். கொழுந்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.