நிலைக்குக் கீழே கசகசா

அக்டோபர் 9
அப்பத்தாவின் ரிப்போர்ட் வரவில்லை.

அக்டோபர் 10
இரண்டாங்கட்டுக் கதவு நிலைக்குக் கீழே கசகசா கொட்டிக் கிடந்தது. எறும்பு இழுத்து வந்திருக்கும் என்று பெருக்கினேன். சாயங்காலம் அதே இடத்தில் மறுபடியும்.

அக்டோபர் 11
அது கசகசா இல்லை. ஐயா வைரம் பார்க்கும் லென்ஸை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பட்டை. உலர்மரக் கரையானின் எச்சம். பின்கட்டுச் சுவரில் மண் கோடு போட்டு ஏறுகிறதே, அது வேறு இனம், புற்றுக் கரையான், ஒடோன்டோடெர்மஸ். அதற்கு மண்ணும் ஈரமும் வேண்டும், காற்று பட்டால் ஆகாது, அதனால் போகிற வழியெல்லாம் மண் கூரை. சுரண்டினால் விடிவதற்குள் ஒட்டுப் போட்டுவிடும். மரத்தைத் தின்றாலும் கூட்டுக்குள் காளான் வளர்த்து, அதன் தயவில்தான் செரிக்கும். மழைக்கு அப்புறம் நாம் குழம்பு வைக்கிற புற்றுக்காளான் அங்கிருந்து வருவதுதான். உலர்மரக் கரையானுக்கு இந்தச் சம்சாரம் எதுவும் கிடையாது. பிறப்பு வளர்ப்பு எல்லாம் ஒரே கட்டைக்குள், செரிக்கக் குடலிலேயே நுண்ணுயிரிகள், தனியாக வேலைக்காரக் கரையான் இல்லாததால் குஞ்சுகள்தான் வேலை பார்க்கும். தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை பிழிந்துகொண்டுதான் எச்சத்தை வெளியே தள்ளும், அந்தப் பிழிவில்தான் ஆறு பட்டை.

அக்டோபர் 12
இரண்டு ஸ்பூன் கஞ்சி. அவ்வளவுதான்.

அக்டோபர் 13
ஆசாரி வந்தார். "பர்மாத் தேக்காச்சே ஆச்சி" என்றார், நான் என்னவோ பொய் சொன்ன மாதிரி. மரத்தின் வைரத்தில், நடுக்கட்டையில், வாய் வைக்காது, சரி. நிலையின் ஓரத்தில் வெள்ளை, அந்த மெத்தென்ற வெளிமரம், இருக்கிறதே. உளி முனையால் தட்டினார், மேலே வார்னிஷ் பளபளக்க உள்ளே டொக்கு. எத்தனை வருஷமாக என்று கேட்டார். அங்கே டாக்டரும் எத்தனை மாசமாக என்றுதான் கேட்டார். தூள் கொட்டினால்தானே தெரியும். எனக்கென்னவோ மண் கோடு போடுகிறவன் மேல் கோபமே இல்லை.

அக்டோபர் 14
ராத்திரி மழை. வளவு முழுக்க ஈசல் இறகு, ஆத்தங்குடிக் கல்லில் ஒட்டிக்கொண்டு துடைப்பத்துக்கு வரவில்லை. இவை பெரிசு, புற்றிலிருந்து வந்தவை. அப்பத்தா படுத்தபடியே, "ஆத்தா, லாந்தரும் தண்ணிச் சட்டியும் வச்சிருந்தா ஒரு படி சேந்திருக்குமே, அரிசியோட வறுத்திருக்கலாம்" என்றாள். பத்து நாளில் அவள் பேசிய நீளமான பேச்சு.

அக்டோபர் 15
கதவில் காதை வைத்துக்கொண்டு அரைமணி நேரம். ஒன்றும் கேட்கவில்லை. இந்த வீட்டில் என்னை யாரும் பார்க்காதது நல்லது.

அக்டோபர் 17
நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். ஆறரை பஸ்ஸில் மதுரை. நிலைக்குக் கீழே வெள்ளைத்தாள் விரித்துவிட்டு வந்திருக்கிறேன், திரும்பும்போது எவ்வளவு சேர்ந்திருக்கிறது பார்ப்போம்.