செல்லப்பாண்டி டிக்கெட் கிழித்த கதை

என் சிறுகதையைப் படித்துவிட்டு நண்பர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “எட்டுப் பக்கம் வர்ற கண்டக்டர் ஒரு டிக்கெட்கூடக் கிழிக்கலையே, ஏன்?”

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து எழுதிய கதை அது. மதுரை பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து திருமங்கலம் போகும் டவுன் பஸ். நாள் 2016 நவம்பர் 9. அதாவது 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததற்கு மறுநாள். வங்கி கிடையாது, ஏடிஎம் கிடையாது. அரசுப் பேருந்தில் பழைய நோட்டைச் சில நாள் வாங்குவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். பசுமலையில் ஒரு பாட்டி 500 ரூபாய் நோட்டோடு ஏறுகிறார். கண்டக்டர் ஆனந்த், “காசு வேண்டாம் பாட்டி, உட்காருங்க” என்று டிக்கெட் இல்லாமலே கூட்டிப்போகிறார். பாட்டி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். கதை முடிந்தது.

ஆனந்தை உருவாக்க நான் கஷ்டப்படாமல் இல்லை. பிடித்த நிறம், பிடித்த பாட்டு, சின்ன வயதில் இறந்துபோன தங்கை, ரகசிய ஆசை என்று நான்கு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். ‘பாத்திரத்தை அறிய ஐம்பது கேள்விகள்’ மாதிரியான பட்டியல்கள் இருக்கின்றனவே, அதை வைத்து எழுதியது. கதை எழுதும்போது அதில் ஒரு வரிகூடக் கை கொடுக்கவில்லை. ஆனந்துக்குப் பிடித்த நிறம் எனக்குத் தெரியும். நெரிசலில் யாராவது அவர் காலை மிதித்தால் என்ன சொல்வார் என்பது தெரியாது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கண்டக்டர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். தயங்கித் தயங்கித்தான் கதையை அவரிடம் கொடுத்தேன். வாசல் படியில் உட்கார்ந்து, விரலை எச்சில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“டிக்கெட் போடாம ஏத்திட்டுப் போறானா? வழியில செக்கிங் ஏறுனா அந்தப் பாட்டிக்கு ஃபைன், இவனுக்கு மெமோ. ரிட்டயராக நாலு வருசம் இருக்குன்னு நீயே எழுதியிருக்க. அவன் இதச் செய்வானா தம்பி?”

அப்புறம் இன்னொன்று சொன்னார். சாதா டவுன் பஸ்ஸில் அப்போது குறைந்தபட்சக் கட்டணம் மூன்று ரூபாய். நான் ஐந்து என்று எழுதியிருந்தேன். ஐந்தானது 2018 ஜனவரியில் கட்டணத்தை ஏற்றிய பிறகுதான். இரண்டு ரூபாய் வித்தியாசத்தில் அவருக்குக் கதையின் மேலிருந்த நம்பிக்கையே போய்விட்டது. நியாயமான கோபம். முப்பது வருஷம் அந்தக் காசை எண்ணியவர் அவர்.

அடுத்த பத்துப் பதினைந்து நாள் சாயங்காலம் அவர் வீட்டு வாசலில்தான் கிடந்தேன். முதலில், “கண்டக்டர் வேலையில் உங்களுக்கு எது கஷ்டம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு வந்ததெல்லாம் பேட்டியில் சொல்கிற மாதிரியான பதில். ஒருநாள் கேள்வியை மாற்றி, “காலையில டிப்போவுக்குள்ள போனதும் கை முதல்ல எதைத் தொடும்ணே?” என்றேன். அப்போதுதான் பேச்சு திறந்தது. டிக்கெட் கட்டுகளின் தொடக்க எண்ணைச் சரிபார்ப்பது, ஒவ்வொரு ஸ்டேஜிலும் பஸ் நகர்வதற்குள் கட்டு எந்த எண்ணில் நிற்கிறது என்று குறிப்பது, இருக்கையின் கம்பியில் இடுப்பைச் சாய்த்து இரண்டு கையையும் காலியாக வைத்துக்கொள்வது. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் சாப்பிடும்போது விரலில் சில்லறையின் வாடை வரும் என்றார். இதை எழுதும்போதும் எனக்கு அந்த வாடை தெரிகிறது.

ஆனால் என் கதையை மாற்றியது வேறு ஒரு விஷயம். கண்டக்டர் தன் சட்டைப்பையில் எவ்வளவு சொந்தப் பணம் இருக்கிறது என்பதை டியூட்டி தொடங்கும்போதே எழுதிக்கொடுத்துவிட வேண்டுமாம். கணக்கில் காசு குறைந்தால் கையை விட்டுக் கட்ட வேண்டும். அது எனக்கே தெரியும். காசு கூடுதலாக இருந்தாலும் குற்றம் என்பது எனக்குப் புதிது. பையில் கணக்குக்கு மேல் பணம் இருந்தால், டிக்கெட் கொடுக்காமல் வாங்கிய காசோ என்று கேள்வி வரும்.

“அப்ப மீதிச் சில்லறை வாங்காம இறங்கிட்டா?”

அண்ணன் உடனே பதில் சொல்லவில்லை. “நாலு பேர் மறந்துட்டு எறங்குவான். நாம கூட்டத்துல ஒருத்தனுக்குக் கூடக் குடுத்திருப்போம். சரிக்குச் சரியாப் போயிரும்” என்றார். பிறகு கொஞ்சம் தள்ளி, தெருவைப் பார்த்துக்கொண்டு, “எல்லா நாளும் சரிக்குச் சரியாப் போகாது” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவர் முகம் இருந்த விதத்தை நான் மறக்க மாட்டேன். என் கண்டக்டர் அங்கேதான் பிறந்தார். குறைந்தாலும் பயம், கூடினாலும் பயம். நல்லவரா கெட்டவரா என்று நான் மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தேன். அவரோ ஒவ்வொரு ட்ரிப் முடிவிலும் கணக்கு ஒத்துப்போக வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருக்கிற மனிதர்.

முதலில் பெயரை மாற்றினேன். 1962-இல் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவருக்கு ஆனந்த் என்ற பெயர் எனக்கே ஒட்டவில்லை. செல்லப்பாண்டி என்று வைத்ததும் குரல் கேட்கத் தொடங்கியது. அந்தக் குரலைச் சரிபார்ப்பதற்காக அதே தடத்தில் ஒரு வாரம் போய்வந்தேன். பழங்காநத்தம், பசுமலை, திருப்பரங்குன்றம், திருநகர், கப்பலூர் என்று ஏறி இறங்கி, கண்டக்டர்கள் பேசுவதை வீட்டுக்கு வந்து எழுதினேன். பஸ்ஸிலேயே நோட்டை எடுத்தால் பேச்சு மாறிவிடுகிறது. யாரும் முழு வாக்கியம் பேசவில்லை. “உள்ள போ, உள்ள போ”, “படில யாரு?”, “சில்லறையாக் குடும்மா.” என் முதல் வடிவத்தில் ஆனந்த் பேசியது அத்தனையும் மேடைப் பேச்சாக இருந்தது தெரிந்தது.

மறுபடியும் எழுதிய கதையில் செல்லப்பாண்டி பாட்டியைப் பார்த்து எரிந்து விழுகிறார். அன்று காலையிலிருந்து அவரிடம் நீட்டப்படுகிற பதினோராவது 500 ரூபாய் நோட்டு அது. மூன்று ரூபாய் டிக்கெட்டைக் கிழித்து, பின்பக்கம் 497 என்று எழுதி, “எறங்கும்போது வாங்கிக்க” என்று நகர்கிறார். பாட்டி அந்த டிக்கெட்டைச் சுருட்டி மோதிரத்துக்குள் செருகிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு வருகிறார். திருப்பரங்குன்றத்தில் கூட்டம் அடித்துத் தள்ளியதில் முன்வாசல் வழியாக இறங்கியும் விடுகிறார். செல்லப்பாண்டி அதைப் பார்த்துவிட்டார். விசில் வாயில் இருக்கிறது. ஒன்று ஊதினால் வண்டி நிற்கும்.

அவர் ஊதவில்லை. திருநகர் வரைக்கும் ஊதவில்லை.

இந்த இடத்தை எழுத எனக்கு நாலு நாள் ஆனது. அவர் திருடர் இல்லை என்று எங்கேயாவது ஒரு வரி செருகிவிடக் கை துடித்தது. செருகவில்லை. திருநகரில் பையைத் திறந்து எண்ணுகிறார். கணக்குக்கு மேலே 497 ரூபாய். செக்கிங் ஏறினால் என்ன சொல்வது? திரும்பும் ட்ரிப்பில் திருப்பரங்குன்றம் நிறுத்தத்தில் இறங்கி, பூக்கட்டும் பெண்ணிடம் பாட்டியின் அடையாளத்தைச் சொல்லி விசாரிக்கிறார். மனசு உறுத்தியதாலா, பை கனத்ததாலா என்று அவருக்கே தெரியாது. எனக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டதுதான் இந்தக் கதையில் நான் செய்த நல்ல காரியம் என்று நினைக்கிறேன்.

புது வடிவத்தை அண்ணனிடம் கொடுத்தேன். இரண்டு நாள் ஆளைக் காணோம். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டினார். கையில் தாள்கள்.

“தம்பி, செல்லப்பாண்டி பூக்காரம்மாகிட்ட கேட்டதெல்லாம் சரி. அந்த 497-ஐ அவன் வீட்டுல சொல்லலையே? சொல்லியிருப்பான். பொண்டாட்டிகிட்டச் சொல்லாம அவனால தூங்க முடியாது.”

“உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?”

“எனக்குத் தெரியும்” என்றார். குரல் கொஞ்சம் கம்மியது.

உள்ளே வரச் சொல்லி, காபி போடச் சொல்லிவிட்டு, பேனாவை எடுத்தேன்.