ஜீனோ வரவில்லையே என்று கேட்டவனுக்கு

மின்சார ரயிலில் எதிரே ஒரு கல்லூரிப் பெண் சுஜாதாவின் விஞ்ஞான நாவல் ‘என் இனிய இயந்திரா’ படித்துக்கொண்டிருந்தாள். அட்டை கிழிந்து செல்லோடேப் ஒட்டிய பழைய பிரதி.

பக்கத்திலிருந்த நண்பன் எட்டிப் பார்த்து, "கதை 2021லயா நடக்குது? அது போயே போச்சு, ரோபோ நாயும் வரல, இதைப் போய் படிக்கிறியே" என்றான்.

எனக்குத் தாங்கவில்லை.

விஞ்ஞானக் கதை என்ன பஞ்சாங்கமா, பலித்ததா என்று சரிபார்க்க?

பிள்ளை பெற்றுக்கொள்ள அரசிடம் அனுமதி வாங்க வேண்டும், பெயர்கூட இரண்டெழுத்தைத் தாண்டக் கூடாது என்கிற ஓர் ஆட்சியை சுஜாதா எண்பதுகளிலேயே விகடனில் வாராவாரம் எழுதினார், நாம்தான் கதையில் வரும் ரோபோ நாய் ஜீனோ மேல் வைத்த பிரியத்தில் அந்தப் பயத்தைக் கவனிக்காமல் விட்டோம்.

1984இல் நடப்பதாக ஆர்வெல் எழுதிய ‘1984’ நாவலை அந்த வருடம் முடிந்ததும் யாராவது எடைக்குப் போட்டார்களா?

படிக்காதவர்கள் இதில் தொடங்குங்கள். அப்புறம் இதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’.