காரகோல்: காட்டுக்கடியில் இருந்த வயல்கள்

மத்திய அமெரிக்காவில், பெலீஸ் நாட்டின் காட்டுக்குள் இருக்கிற பழைய மாயர் நகரம் காரகோல். அங்கே வருகிறவர்கள் முதலில் 'காஆனா' என்ற பெரிய கோபுரத்தின் மேல்தான் ஏறுவார்கள். நாங்களும் ஏறினோம். சுமார் 43 மீட்டர். அந்தப் பகுதியின் பழங்குடி மக்களான மாயர்கள் கட்டி ஆயிரம் வருடங்களுக்கு மேலாகியும், அந்த நாட்டில் மனிதர் எழுப்பிய மிக உயரமான கட்டடங்களில் இன்றும் அது ஒன்று. மூச்சு வாங்க உச்சியில் நின்று பார்த்தால் நாலு பக்கமும் காடு மட்டும்தான்.

வழிகாட்டி பையிலிருந்து லேமினேட் செய்த ஒரு படத்தை எடுத்து நீட்டினார். அதே இடம், ஒரு மரம்கூட இல்லை. மேடுகள், நடுவிலிருந்து பிரிந்து ஓடும் நேர்ச்சாலைகள், மலைச்சரிவெல்லாம் மெல்லிய கோடுகள். லைடார் படம், அதாவது லேசர் பாய்ச்சித் தரையை அளந்து எடுத்த படம்.

தொல்லியலாளர்கள் ஆர்லன் சேஸ், டயான் சேஸ் தம்பதி 1985 முதல் இங்கே வேலை செய்கிறார்கள். கத்தியால் புதர் வெட்டி, நடந்து நடந்து அளந்ததில் ஏறக்குறைய 25 வருடங்களில் வரைபடமானது 23 சதுர கிலோமீட்டர். 2009 ஏப்ரலில் விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சியபோது சில நாட்களிலேயே 200 சதுர கிலோமீட்டர் முடிந்துவிட்டது. லேசர் துடிப்புகளில் பெரும்பாலானவை இலையில் பட்டே திரும்பிவிடும். இடுக்கு வழியாகத் தரையைத் தொட்டு வரும் கொஞ்சத்தை மட்டும் கணினி பிரித்தெடுத்துக் கோத்தால், மரங்கள் மறைந்து நிலம் தெரியும்.

அந்த மெல்லிய கோடுகள்தான் எனக்குப் பிடித்தவை. அத்தனையும் படிக்கட்டு வயல்கள். மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடாமல் இருக்கக் கல் அடுக்கி, சரிவு சரிவாக வெட்டியிருக்கிறார்கள். 'தொலைந்த நகரம் கண்டுபிடிப்பு' என்று செய்திகளில் போடுவார்கள். ஆனால் காரகோல் 1937லேயே மரம் தேடி வந்தவர் கண்ணில் பட்ட ஊர். லேசர் காட்டியது, ஏழாம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்ததாகக் கணிக்கப்படும் லட்சம் பேருக்கான சோறு எங்கே விளைந்தது என்பதை. கோபுரத்தைவிட அது பெரிய விஷயம் இல்லையா?

அப்புறம் கீழே இறங்கி, வழிகாட்டி பாதையோரத்துப் படி வயல் ஒன்றைக் காட்டினார். முழங்கால் உயரத்தில் பாசி பிடித்த கல் வரிசை. அவர் சொல்லாவிட்டால் தாண்டிப் போயிருப்பேன். ஆனால் எந்த மேடு எந்தக் காலத்தது என்று லேசர் சொல்லாது. அதற்கு மண்வெட்டிதான் வேண்டும்.

போகிறவர்கள் மழையில்லாத மாதங்களில் போங்கள். சாப்பாடு, தண்ணீரை சான் இக்னாசியோ ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வழிகாட்டியிடம் வயல்களைக் காட்டச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் காஆனாவோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.