கூலி நிரலில் பூச்சியம்

பற்றையை வெட்டி மாட்டுக்குப் புல் நடுவதற்கு நான் போட்ட செலவுக் கணக்கில், கூலி என்ற நிரலில் நாளுக்கு 1,000 ரூபாய் போட்டதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். அப்படி நினைத்துக்கொண்டே அந்தக் கணக்கை அடிக்கடி திறந்து பார்க்கவும் செய்கிறேன். சரியாகச் செய்த வேலையை யாராவது இத்தனை தடவை திறந்து பார்ப்பார்களா?

ஊவாப் பக்கத்துப் பத்தனைகளை, அதாவது மலைப் புல்வெளிகளை, தெரிந்தவர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. மானாப் புல், இடையிடையே நெல்லி, கடுக்காய், கோடை வந்தால் யாராவது வைக்கிற தீ. தீ போன பிறகு வருகிற குருத்தைத்தான் மாடு தின்னும்; முற்றிய மானாவை மோந்துகூடப் பார்க்காது. தீயும் மேய்ச்சலும் குறைந்த சரிவுகளில் நாயுண்ணி, கொய்யா, வாட்டில் என்று பற்றை ஏறிவிடுகிறது. கொய்யாவை மாடே தின்று, சாணியோடு விதைத்துக்கொண்டும் போகிறது. நான் சொல்லும் நிலம் பாதி அப்படிப்பட்ட பத்தனை, பாதி கைவிட்ட தேயிலை. அதைத் துப்பரவாக்கி சீ.ஓ.3 புல் நட்டால் லயத்து மாடுகளுக்குத் தீனி ஆகும் என்று பால் சங்கத்தார் கேட்டார்கள். தோட்டக் கம்பனி அந்த நிலத்தை ஐந்து வருடத்துக்குத் தருவதாக வாயால் சொல்லியிருந்தது. பணம் தரக்கூடிய நிறுவனம் ஒன்று, எழுத்தில் செலவு–பலன் கணக்குக் கேட்டது. அதைப் போடுவது என் வேலை.

மாதிரிக்கு நமீபியாவைப் படித்தேன். புல்வெளியைப் பற்றை விழுங்குவதற்கு அவ்வளவு கவனமாகக் கணக்குப் பார்த்த நாடுகள் குறைவு. 2004 இல் வந்த ஒரு தேசிய ஆய்வு, பாதிக்கப்பட்ட நிலத்தை 2 கோடியே 60 இலட்சம் ஹெக்டேயர் என்கிறது. நம் முழுத் தீவைப் போல நான்கு மடங்கு. அங்கே ஏறியிருக்கும் முள்மரங்களில் ஒன்று மன்னார்ப் பக்கத்து விடத்தல்தான். 10 ஹெக்டேயரில் ஒரு மாடு மேய்ந்த இடத்தில் இப்போது 20, 30 ஹெக்டேயர் வேண்டியிருக்கிறது. பெரிய பண்ணைகளில் 1958 இல் இருந்த 25 இலட்சம் மாடு 2001 இல் 8 இலட்சமாகிவிட்டது. பற்றை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் அது பெரிய காரணம்.

அங்கிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம், வெட்டுவது செலவில் ஒரு பகுதிதான் என்பது. வெட்டிய கட்டை மறுபடி துளிர்க்கும், மண்ணில் கிடக்கும் விதை முளைக்கும். பின்பராமரிப்புக்குக் காசு ஒதுக்காவிட்டால் முன்பைவிட அடர்த்தியாக வந்து நிற்கும். வெட்டிய விறகைக் கரியாக்கி ஐரோப்பாவில் இறைச்சி வாட்டும் அடுப்புகளுக்கு அனுப்புவதால் அங்கே முதல் செலவில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. நமக்குத் தேயிலை பெக்டரி இருக்கிறது, கொழுந்து காயவைக்க விறகு வேண்டும், வாட்டிலை வாங்குவார்கள். நாயுண்ணியை யாரும் வாங்க மாட்டார்கள். இன்னொன்றும் கண்ணில் பட்டது: அங்கே கரி சுடுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு நாட்கூலி கிடையாது, தொன் கணக்கு. கொழுந்துக்குக் கிலோக் கணக்குப் பார்க்கும் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. 1,000 ரூபாயை நான் போட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நான் கணக்குப் போட்டபோது தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாயாகி ஒரு வருடம் கடந்திருந்தது, பால்மாவுக்கு ஆள் வரிசையில் நின்ற காலம். ஒரு ஆளின் ஒரு நாள் வேலையைத் தோட்டத்தில் ஒரு பேர் என்போம்; ஏக்கருக்கு முதல் வெட்டுக்கு 40 பேர், வேர் பிடுங்கிக் கான் வெட்டிப் புல் நட இன்னொரு 40, அடுத்த மூன்று வருஷம் முளைக்கிறதைப் பிடுங்க வருஷத்துக்கு 15 என்று போட்டேன். கூட்டினால் 125 பேர், 1,25,000 ரூபாய். புல்லுத் தண்டு, எரு, வேலி எல்லாம் சேர்ந்தாலும் அதன் பக்கத்தில் நிற்காது. பால் வருமானம் ஐந்து வருடத்துக்குள் இதைத் தூக்கவில்லை.

சங்கக் கூட்டத்தில் இதை வாசித்தேன். பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா கேட்டார்.

"தம்பி, இந்த ஆயிரத்த எங்களுக்கு யாரு குடுக்கப் போறா?"

"யாரும் குடுக்கப் போறதில்ல அக்கா. ஆனா ஒங்க உழைப்புக்கு ஒரு வெல இருக்குல்ல, அதக் காட்டணும்."

"தோட்டத்துல கெழமைக்கு மூணு நாளுதான் வேல. மத்த நாள்ல எங்க உழைப்ப யாரு வெல கேக்குறா? அந்த நாள்லதானே காடு வெட்டப் போறோம். அதுக்கு ஒண்ணும் போடாதீங்க. பூச்சியம் போடுங்க."

நான் விளக்கினேன். தோட்டத்துக் கணக்குகளில் நம் ஆட்களுடைய வேர்வை எப்போதுமே மலிவாகத்தான் எழுதப்பட்டது, நாமே பூச்சியம் என்று எழுதிக் கொடுக்கலாமா என்றேன். ஐந்து வருடம் முடிந்து கம்பனி நிலத்தைத் திரும்பக் கேட்டால், துப்பரவாக்கியதற்கு நட்டஈடு கேட்க எழுத்தில் என்ன இருக்கும் என்றும் கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஒங்கம்மா கொழுந்தெடுத்திட்டு வந்து மாட்டுக்குப் புல்லறுத்தாங்களே, அதுக்கு யாரு பேர் போட்டா?"

"அது வேற அக்கா," என்றேன்.

எப்படி வேறு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே ஏதாவது சொல்லி முடித்திருப்பேன்.

பொருளாதாரப் பாடப்படி அந்த அக்கா சொன்னதுதான் கிட்டத்தட்டச் சரி. ஒரு ஆள் இந்த வேலைக்கு வருவதால் எதை இழக்கிறாரோ அதுதான் அவருடைய உழைப்பின் செலவு. வேறு வேலையே இல்லாத நாளில் 1,000 ரூபாய் இழக்க முடியாது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, பரீட்சையில் எழுதியே தேறியிருக்கிறேன். ஆனால் அந்த நாட்கள் உண்மையில் வெறும் நாட்களா? ஆம்பிளைகள் பண்டாரவளைக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். காடு வெட்ட வரப்போவது பெண்கள். விறகு, தண்ணீர், பிள்ளை, உடுப்பு எல்லாம் போக மிஞ்சுகிற கொஞ்ச ஓய்வைத்தான் பூச்சியம் என்று எழுதச் சொல்கிறார்கள். பூச்சியம் என்றால் அது பொய். சரி, அப்படியானால் 1,000? அதுவும் யாரும் கொடுக்காத காசு. நடுவில் ஒரு எண் இருக்கிறது. அதைச் சொல்லும் உரிமை எனக்கா அந்த அக்காவுக்கா என்பதில்தான் நான் சுற்றிச் சுற்றி வந்து நிற்கிறேன்.

ஓய்வைப் பற்றி இவ்வளவு பேசுகிற நான், கூட்டத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள் என்றும் தோன்றுகிறது.

1,000 ரூபாயோடுதான் கணக்கு போனது. செலவுக்கு ஏற்ற பலன் இல்லை என்று ஒரு பக்கக் கடிதம் வந்தது. அந்த நிலத்தின் மேல் சரிவில் பிறகு கம்பனி யூகலிப்டஸ் நட்டது. சங்கம் உள்ளே போயிருந்தால் நிலம் அவர்கள் கையில் நின்றிருக்குமா, இல்லை துப்பரவான நிலத்தில் இன்னும் லேசாக யூகலிப்டஸ் நட்டிருப்பார்களா? இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று சொல்லிக்கொள்கிறேன். அப்படிச் சொல்லிக்கொள்வது எனக்கு வசதி என்பதும் தெரிகிறது.

லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டை மட்டும் சில குடும்பங்கள் யாருடைய காசும் இல்லாமல் வெட்டிப் புல் நட்டன. அந்த அக்காவும் அதில் ஒருவர். பற்றை அங்கே திரும்பி வரவில்லை, ஏனென்றால் தினம் யாராவது அரிவாளோடு நிற்கிறார்கள். என் கணக்கில் அத்தனை இடம் பிடித்த பின்பராமரிப்பு, அங்கே மாட்டுக்குத் தீனி அறுப்பதோடு கலந்துபோய்விட்டது. அதை நான் யோசித்திருக்கவில்லை. துண்டு சின்னது, வீட்டுக்குப் பக்கம், அதனால்தான் அது நடக்கிறது. மேல் சரிவில் இது நடந்திருக்காது. இதையும் அழுத்திச் சொல்ல எனக்குத் தைரியம் குறைந்துவிட்டது.

ஒருநாள் அவர் பாலுக்கு வாங்கும் காசை, அறுக்கவும் சுமக்கவும் ஆகும் நேரத்தால் வகுத்துப் பார்த்தேன். நாளுக்கு 1,000 ரூபாயின் பாதிகூட வரவில்லை. சொன்னேன். "தெரியும் தம்பி. கண்டுக்குட்டி ஒண்ணு வளருதுல்ல, அத எதுல போட்டீங்க?" என்றார். நான் அதை எதிலும் போட்டிருக்கவில்லை.

இப்போது வேறொரு தோட்டத்திலிருந்து இதே மாதிரி ஒரு கோரிக்கை வந்திருக்கிறது. கூலிக்கு இரண்டு நிரல் போட்டிருக்கிறேன். ஒன்றில் இப்போதைய சட்டச் சம்பளம், மற்றதில் சங்கத்துப் பெண்களே கூடிப் பேசிச் சொன்ன தொகை. பாதிப் பேர் பூச்சியம் என்றார்கள், மீதிப் பேர் அதற்குச் சண்டை பிடித்தார்கள், கடைசியில் ஒரு எண்ணுக்கு வந்தார்கள். இரண்டில் ஒன்றை அழித்துவிட்டு அனுப்பு என்கிறார் மேலதிகாரி. இன்னும் அனுப்பவில்லை.